நுண்ணளவும் நில அளவையும்

நம் முன்னோர் நீளத்தை அளக்க எள்ளிலிருந்து தொடங்கினர். 8 எள் ஒரு நெல். 8 நெல் ஒரு விரல். 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு கோல் என்பது பழைய வாய்பாடு. பெருக்கிப் பார்த்தால் ஒரு கோலுக்கு 6,144 எள் ஆகும். எள்ளின் அளவிலே சிறு பிழை நேர்ந்தால், அப்பிழை கோலில் 6,144 மடங்காகிவிடும். நிலத்தைக் கோலால் அளக்கும்போதோ அது மேலும் பெருகும். ‘இம்மியும் பிசகாமல்’ என்று இன்றும் நாம் வழங்கும் தொடர், இவ்வுண்மையை அறிந்த மக்களின் வாயில் பிறந்ததாகும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய காலத்தில், மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் ஒரு வினாவைக் கேட்பதுண்டு. “ஐயா, ஒரு கம்பியின் தடிமனை அளக்க இத்தனை பாடு எதற்கு? சுழிப்பிழை பார்ப்பானேன்? ஒரே அளவை ஐந்து இடங்களில் எடுத்துச் சராசரி காண்பானேன்?” என்பதே அவ்வினா. நியாயமான வினாதான். அதற்கு விடை நம் மாவட்டத்து மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதனை இன்று காண்போம்.

முதலில் கருவிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியர் வெர்னியர் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1631ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு நூலை வெளியிட்டார். முதன்மைக்கோலின் அருகே நகரும் சிறு கோல் ஒன்றை வைத்து, ஒரு பிரிவின் சிறு பகுதியையும் அளக்கலாம் என்று அதில் காட்டினார். இன்று நம் பள்ளிகளில் உள்ள வெர்னியர் அளவியில், முதன்மைக்கோலின் 9 மில்லிமீட்டர் நீளம் வெர்னியர் கோலில் 10 சம பிரிவுகளாக்கப்பட்டிருக்கும். இரு கோல்களின் பிரிவுகளுக்கும் உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டர். அதுவே அக்கருவியின் மீச்சிற்றளவு.

திருகின் வழி வேறு. ஆங்கில வானியலறிஞர் வில்லியம் கேஸ்காயின், 1640ஆம் ஆண்டை ஒட்டி, தொலைநோக்கியினுள் நுண்ணிய திருகை அமைத்து வான்பொருள்களின் தோற்ற அளவைக் கண்டார். 1848இல் பிரான்சு நாட்டுப் பால்மர் என்பவர், கையில் பிடித்து அளக்கும் திருகு அளவிக்குக் காப்புரிமை பெற்றார். திருகை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் அது 1 மில்லிமீட்டர் முன்னேறும். தலைக்கோலில் 100 பிரிவுகள் உள்ளன. ஆகவே ஒரு பிரிவுக்கு 0.01 மில்லிமீட்டர். சிறு நீளத்தைப் பெரிய சுழற்சியாக மாற்றிக் கண்ணுக்குக் காட்டுவதே இத்திருகின் திறமாகும்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர், பிரித்தானிய அரசரின் படையில் இருந்த வில்லியம் லாம்டன் என்பவர் தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்கத் திட்டமிட்டார். நாட்டுப்படம் வரைவது மட்டும் அவருடைய நோக்கமன்று. பூமியின் வடிவத்தைக் காண்பதும் அவர் விருப்பம். பூமி துருவங்களில் தட்டையானது என்று நியூட்டன் கூறியதை, 1735, 1736ஆம் ஆண்டுகளில் பெரு நாட்டிற்கும் லாப்லாந்துக்கும் சென்ற பிரெஞ்சுக் குழுவினர் மெய்ப்பித்திருந்தனர். எவ்வளவு தட்டையானது என்பதை நுட்பமாக அறிய, வெவ்வேறு அட்சரேகைகளில் ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். அந்த அளவைத் தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் எடுக்க லாம்டன் முற்பட்டார்.

முக்கோண அளவையில் ஒரே ஒரு நீளத்தை மண்மீது நேராக அளந்தால் போதும். அதற்கு அடிக்கோடு என்று பெயர். பின்னர்க் கோணங்களை அளந்து, மற்றப் பக்கங்களைக் கணக்கினால் காணலாம். லாம்டன் சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில், 1802 ஏப்ரல் 10 முதல் மே 22 வரை, அடிக்கோட்டை அளந்தார். அளந்த கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள் அதில் இருந்தன. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின்மேல் ஏற்றி, பக்கத்திலே வெப்பமானிகளை வைத்து, 400 முறை நகர்த்தி அளந்தனர். கிடைத்த நீளம் ஏறத்தாழ 40,006 அடி. அதாவது ஏழரை மைல்.

வெப்பமானி எதற்கு என்று கேட்கலாம். 62 பாகை பாரன்ஹீட் வெப்பநிலையில்தான் அச்சங்கிலியின் நீளம் 100 அடி. சித்திரை வைகாசி வெயிலில் எஃகு நீளும். ஒரு செல்சியஸ் பாகைக்கு அச்சங்கிலி ஏறத்தாழ 0.37 மில்லிமீட்டர் நீளும் என்பது பௌதிக மாணவர் எளிதில் செய்யக்கூடிய கணக்கு. வெப்பநிலை 92 பாகை பாரன்ஹீட்டாக இருந்தால், ஒரு சங்கிலிக்குச் சற்றேறக்குறைய 6 மில்லிமீட்டர் பிழை வரும். இது ஒரு விரலின் தடிமன்கூட இல்லை. ஆனால் 400 சங்கிலிக்கு அது 8 அடியாகிறது! அந்த அடிக்கோட்டின்மேல் கட்டப்படும் ஒவ்வொரு முக்கோணத்திலும் இப்பிழை வளர்ந்துகொண்டே போகும். ஆகவேதான் லாம்டன் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தம் செய்தார். உழைத்து உழைத்துச் சங்கிலியின் மூட்டுகள் தேய்ந்து நீளுமே என்று, பயன்படுத்தாத மற்றொரு சங்கிலியோடு ஒப்பிட்டும் பார்த்தார். மாணவர்களே, நீங்கள் திருகு அளவியின் முகங்களைச் சேர்த்துச் சுழிப்பிழை பார்ப்பது இவ்வினத்தைச் சேர்ந்த செயலே.

அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் கிளம்பின. வடக்கே சென்னைக்கு அப்பால், பழைய ஏடுகளில் பௌட்ரீ என்று குறிக்கப்பட்ட இடம் ஓர் எல்லை. தெற்கே கடலூரை அடுத்த திருவந்திபுரம் மற்றோர் எல்லை. இடையே உள்ளது ஏறத்தாழ 175 கிலோமீட்டர் நீளமுள்ள தீர்க்கரேகை வில். விழுப்புரத்தில் ரயிலேறும் மாணவர் திண்டிவனம், மதுராந்தகம், செங்கற்பட்டு வழியாகப் பரங்கிமலையை அடைகிறார் அல்லவா? அந்த ரயில் கடக்கும் அட்சரேகைகள் யாவும் இந்த வில்லுக்குள் அடங்கியவை. மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள கருங்குழி இவ்வளவையில் ஒரு நிலையம். 1993 வரை தென்னார்க்காடு என்று வழங்கிய நம் மாவட்டத்தின் வழியேதான் இவ்வளவை தெற்கே இறங்கியது. திண்டிவனத்தைச் சூழ்ந்த மயிலம், பெருமுக்கல் போன்ற குன்றுகளின்மேல் நின்று சுற்றிலும் நோக்குவோர், முக்கோண அளவைக்கு இந்நிலம் எவ்வளவு ஏற்றது என்பதைத் தாமே உணர்வர்.

வில்லின் நீளம் தெரிந்தால் போதாது. அதன் இரு முனைகளின் அட்சரேகைகளும் தெரிய வேண்டும். அதற்கு லாம்டன், உச்சிவானில் விண்மீன்கள் கடக்கும் கோணத்தை அளக்கும் செனித் செக்டர் என்ற கருவியைப் பயன்படுத்தினார். அதன் ஆரம் 5 அடி. ஈண்டு ஒரு கணக்கை நீங்களே செய்து பாருங்கள். 5 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு விகலைக் கோணம் வெறும் 0.0074 மில்லிமீட்டர் நீளமே பிடிக்கும். அதே ஒரு விகலை பூமியின் பரப்பில் ஏறக்குறைய 31 மீட்டர்! உங்கள் திருகு அளவியின் மீச்சிற்றளவான 0.01 மில்லிமீட்டர் அளவுக்கு அக்கருவியில் பிசகு நேர்ந்திருந்தால், திருவந்திபுரம் 40 மீட்டருக்கு மேல் தள்ளிப்போயிருக்கும். நுண்ணளவின் பெருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஒரே விண்மீனைப் பல இரவுகள் நோக்கி, பல விண்மீன்களையும் நோக்கி, சராசரி கண்டனர்.

இரு முனைகளுக்கும் இடையே கிடைத்த வேறுபாடு 1 பாகை 34 கலை 56 விகலை. 12 பாகை 32 கலை அட்சரேகையில் ஒரு பாகையின் நீளம் 60,494 பாத்தம் என்று லாம்டன் வெளியிட்டார். ஒரு பாத்தம் 6 அடி. மீட்டரில் மாற்றினால் இஃது ஏறத்தாழ 110.63 கிலோமீட்டர். செயற்கைக்கோள்களின் துணையால் இன்று நாம் அறிந்துள்ள அளவோடு ஒப்பிட்டால், வேறுபாடு சில மீட்டர்களே.

இப்பணியைத் தனியொருவர் செய்துவிடவில்லை. 1794இல் சென்னையில் தொடங்கி, பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்கள் லாம்டனுக்கு உதவியாளராயினர். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் குன்றுகளின்மேல் சுமந்தோரும், கொடி பிடித்து நின்றோரும் நம் நாட்டு மக்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் ஏட்டில் ஏறவில்லை. ஆயினும் அவர்கள் கை நடுங்கியிருந்தால் கணக்கும் நடுங்கியிருக்கும்.

1808இல் தஞ்சைக் கோயில் விமானத்தின்மேல் அந்தத் தியோடலைட்டை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி மோதி, அதன் வட்டம் வளைந்துபோயிற்று. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்தினுள் இருந்து, திருகும் ஆப்பும் கொண்டு, அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாகப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். கருவி கெட்டதென்று அறிந்தபின் அதனால் எடுக்கும் அளவை அவர் ஏற்கத் துணியவில்லை.

இங்குதான் மாணவர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி உள்ளது. செய்முறைத் தேர்வில் விடை முன்னரே தெரிந்திருக்கும். அவ்விடைக்கு ஏற்ப அளவீடுகளை எழுதிவிடும் ஆசை பலருக்கு வருகிறது. லாம்டனுக்கு விடையை முன்கூட்டிச் சொல்வார் ஒருவருமில்லை. வெப்பத்தையும் தேய்மானத்தையும் மறைக்காமல் ஏட்டில் குறித்ததனாலேயே, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் அளவு நம் கணக்கோடு இசைந்து நிற்கிறது.

1983 முதல் மீட்டர் என்பது ஒளி வெற்றிடத்தில் ஒரு வினாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தொலைவாக வரையறுக்கப்பட்டுள்ளது. எண்களை நேரே காட்டும் மின்னணு அளவிகளும் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. ஆயினும் அவற்றிலும் முகங்களைச் சேர்த்துச் சுழியைச் சரிபார்க்கத்தான் வேண்டும். அடுத்த முறை கம்பியைத் திருகு அளவியில் வைக்கும்போது, முதலில் சுழிப்பிழையைப் பாருங்கள். ஐந்து இடங்களில் அளவெடுங்கள். கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். ஐந்தில் ஓர் அளவு மற்றவற்றோடு ஒத்து வராவிட்டால், அதனை அழித்துவிடாமல், காரணம் என்னவென்று ஆசிரியரைக் கேளுங்கள்.