வெறுங்காலோடு நூல் நூற்றவர்கள்

ஓர் இயந்திரத்துக்கு யாராவது 'கோவேறு கழுதை' என்று பெயர் வைப்பார்களா? இங்கிலாந்தில் வைத்தார்கள். போல்ட்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் குரொம்ப்டன் 1779இல் ஒரு நூற்பு இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு முன்பு இருந்த இரண்டு இயந்திரங்களின் நல்ல அம்சங்களை ஒன்றாகச் சேர்த்தார். குதிரைக்கும் கழுதைக்கும் பிறப்பதுதானே கோவேறு கழுதை? அதனால் அந்த இயந்திரத்துக்கும் 'மியூல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் கையால் செய்த மியூல் ஒன்று இன்றும் போல்ட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் கட்டாயம் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் புரட்சி பாடத்தில் இந்த மியூலைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். படம் வரைந்து பாகங்களைக் குறித்ததோடு பாடம் முடிந்துவிட்டது. அந்த இயந்திரத்துக்கு முன்னால் முப்பது, நாற்பது வருடம் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. இது அவர்களைப் பற்றிய கதை. கொஞ்சம் கூச்சமான கதையும்கூட. அந்தக் கூச்சமே ஆட்களைக் கொன்றது என்பதால், நான் நேராகவே எழுதுகிறேன்.

ஒரு பெரிய ஆலையின் மியூலைக் கற்பனை செய்து பாருங்கள். நீளமான ஒரு வண்டி. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள். வண்டி சுமார் ஐந்து அடி தூரம் வெளியே வரும், நூலை இழுத்து முறுக்கும், பிறகு உள்ளே போகும். திரும்பவும் வரும். நாள் முழுக்க இதேதான். கதிர்கள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழலும். அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டுமென்றால் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுழலும் கதிர் அந்த எண்ணெயைச் சும்மா வைத்திருக்குமா? மழைக்கால வீதியில் சைக்கிள் சில்லு சேற்றை வீசுவதுபோல, நுண்துளிகளாக வீசியது.

அந்தத் துளிகள் போய் விழுந்தது தொழிலாளியின் இடுப்புக்குக் கீழே. பஞ்சு நூல் அறாமல் இருக்க அறை சூடாகவும் ஈரப்பதத்தோடும் இருக்க வேண்டும். அதனால் ஆண்கள் மெல்லிய பருத்திக் காற்சட்டை மட்டும் போட்டு, எண்ணெய் ஊறி வழுக்கும் பலகைத் தரையில் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். நூல் அறுந்தால் வண்டியின் மேல் குனிந்து முடிய வேண்டும். ஒவ்வொரு தடவை குனியும்போதும் எண்ணெய் பிடித்த இரும்பு உடம்பில் உரசும். காற்சட்டை எண்ணெயில் நனையும். அந்த ஈரத்தோடேயே பொழுது சாயும்.

எண்ணெய் தோலுக்கு என்ன செய்யும்? முதலில் சின்ன விஷயம். மயிர்த்துளைகளை அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளிகளும் பருக்களும் வரும். என் அப்பா இங்கே ஒரு இயந்திரப் பட்டறையில் வேலை செய்தவர். அவருடைய முன்னங்கைகளில் அந்தப் புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மா எந்தச் சவர்க்காரம் வாங்கினாலும் போகவில்லை. மியூல் தொழிலாளர்களுக்கு வந்தது அதைவிடப் பெரியது. பல வருடங்களுக்குப் பிறகு விதைப்பையின் தோலில் ஒரு சின்ன மரு தோன்றும். வலிக்காது. சிலருக்கு அது புற்றுநோயாக மாறும்.

அந்த இடத்தில் ஒரு மரு வந்தால் யாரிடம் காட்டுவது? நிறையப் பேர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்தார்கள். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்.

வைத்தியர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. 1775லேயே லண்டன் அறுவை வைத்தியர் பெர்சிவல் பொட், புகைபோக்கி துடைப்பவர்களுக்கு அதே இடத்தில் வரும் புற்றுநோய்க்குக் கரிப்புகையே காரணம் என்று எழுதிவிட்டார். ஒரு வேலைக்கும் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்ட முதல் ஆள் அவர்தான். நூறு வருடம் கழித்து, 1876இல், எடின்பரோவில் ஜோசப் பெல் என்ற வைத்தியர், பாறையிலிருந்து எண்ணெய் வடிக்கும் ஆலைத் தொழிலாளர்களிடமும் அதையே கண்டார். ஷெர்லொக் ஹோம்ஸ் தெரியுமல்லவா? ஆர்தர் கொனன் டொயில் அந்தத் துப்பறிவாளரை உருவாக்கியது, தனக்குப் படிப்பித்த இந்த பெல்லைப் பார்த்துத்தான்!

லங்காஷயர் ஆலைகளில் முன்பு கதிர்களுக்கு விட்டது திமிங்கிலக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் போன்றவை. பிறகு மலிவாகக் கிடைத்த கனிம எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. அதாவது, பெல் எச்சரித்த அதே வகை எண்ணெய். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நீண்ட காலம் எடுத்தது. 1922இல் சதம், வில்சன் என்ற இரு வைத்தியர்கள் மன்செஸ்டர் வைத்தியசாலையின் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். விதைப்பைப் புற்றுநோயோடு வந்த 141 பேரில் 69 பேர் மியூல் தொழிலாளர்கள். ஏறக்குறைய பாதி!

1926இல் அரசாங்கம் அமைத்த குழுவும் கனிம எண்ணெய்தான் முக்கிய காரணம் என்று சொன்னது. அதன் பிறகாவது உடனே சட்டம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. பாதுகாப்பான எண்ணெயை மட்டுமே பாவிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைத்தியர் பரிசோதிக்க வேண்டும் என்ற விதிகள் 1953இல்தான் வந்தன. 27 வருடங்கள்! அதற்குள் மியூல்களே மறைய ஆரம்பித்துவிட்டன. வேறு வகை நூற்பு இயந்திரங்கள் வந்துகொண்டிருந்தன. தாமதத்தை நியாயப்படுத்த என்ன காரணம் சொன்னாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இதில் வேடிக்கை, எல்லாக் கனிம எண்ணெயும் ஆபத்தானதல்ல. நன்றாகச் சுத்திகரித்தால் நச்சுச் சேர்மங்கள் நீங்கிவிடும். குழந்தைகளின் உடம்பில் பூசும் 'பேபி ஒயில்' பலவற்றிலும் இருப்பது அப்படிச் சுத்திகரித்த கனிம எண்ணெய்தான். சரியாகச் சுத்திகரிக்காததைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆக, நல்ல எண்ணெய் எது என்று தெரிந்தே இருந்தது. அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நூற்பாலைகளோடு கதை முடியவும் இல்லை. உலோகம் வெட்டும் பட்டறைகளிலும் அதே எண்ணெய் தெறித்தது. அப்படி ஒரு பட்டறையில் பல வருடம் எண்ணெய் ஊறிய உடுப்போடு வேலை செய்த ஒருவர் அதே புற்றுநோயால் இறந்தார். அவருடைய மனைவி வழக்குப் போட்டார். அந்த நிறுவனத்தின் வைத்தியருக்கு ஆபத்து தெரிந்திருந்தது. ஆனால் தொழிலாளர்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம்கூடக் கொடுத்து எச்சரிக்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நிறுவனத்தின் தவறே என்று 1968இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனைவிக்கு நட்டஈடு கிடைத்தது.