ஏணியைப் பிடித்தவன்

எஜமான் இரவில் ஒரு பெண்ணின் ஜன்னலில் ஏறுகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், அல்லது ஏணியைப் பிடித்துக்கொள்கிறான். வேலைக்காரன் செய்தது பாவமா? பதினேழாம் நூற்றாண்டின் கத்தோலிக்க ஒழுக்க நூல்கள் இதை விடாமல் விவாதித்தன. வேடிக்கையாகத்தான் படும், பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து மண்டியிட்டவர்களில் கூலிக்கு உழைத்தவர்களும் உண்டு என்பதை மறந்துவிட்டால்.

1656-57ல் பாஸ்கல் தன் பெயரை மறைத்து எழுதிய கடிதங்களில் ஆறாவது இந்த வேலைக்காரனைப் பற்றிப் பேசுகிறது. இயேசு சபையின் போனி கூறியதை அவர் எடுத்துக் காட்டுகிறார்: கடிதம் கொண்டுபோகலாம், கதவைத் திறக்கலாம், ஏணியையும் பிடிக்கலாம், எஜமானின் பாவத்தை நினைக்காமல் தன் வருமானத்தை மட்டும் நினைத்தால் போதும். ஏணிக்கு மாத்திரம் வழக்கத்துக்கு மேற்பட்ட மிரட்டல் வேண்டும். ஏனென்றால் ஜன்னல் வழியே நுழைவது வீட்டுக்காரருக்கு இழுக்கு. கவனியுங்கள், வீட்டுக்காரருக்கு.

அதே கடிதத்தில் இன்னொரு வேலைக்காரனும் வருகிறான். பாரிஸில் இயேசு சபையாரின் கிளெர்மோன் கல்லூரியில் வேலை பார்த்தவன். சம்பளம் போதாதென்று சில வெள்ளீயத் தட்டுகளை எடுத்துக்கொண்டான். குறைந்த கூலியை இப்படி ஈடுகட்டலாமென்று குருமாரே எழுதியிருக்கிறார்கள் என்பது 1647ல் நீதிமன்றத்தில் அவன் சொன்ன வாதம். அவனைப் பிடித்துக் கொடுத்தவர்களும் குருமாரே.

பாஸ்கலின் கிண்டல் அபாரமானது. ஆனால் கூலி போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்ததில்லை. அவருடைய தகப்பனார் ருவானில் அரசாங்க வரி அதிகாரி. 1639ல் நார்மண்டியில் வரிக்கு எதிராக எழுந்த கலகத்தைப் படையனுப்பி நசுக்கிய கையோடு அங்கே நியமிக்கப்பட்டவர். 1642ல் மகன் தொடங்கிய கணக்கு யந்திரம் தகப்பனாரின் வரிக்கணக்குச் சுமையைக் குறைக்கத்தான். அது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போனியிடம் கேட்டிருந்தால் ஒரு பதில் வைத்திருப்பார்.

கடிதங்கள் 1657ல் ரோமாபுரியின் தடைப் பட்டியலில் ஏறின. ஆனால் 1679ல் பதினோராம் இன்னொசென்ட் காலத்தில் அதே ரோமாபுரி 65 தளர்ந்த கருத்துக்களைக் கண்டித்தது. 51வது, நம் ஏணிக்காரன். எஜமான் துன்புறுத்துவான், முறைத்துப் பார்ப்பான், வீட்டைவிட்டுத் துரத்துவான் என்ற பயத்தில் செய்தால் சாவான பாவமில்லை என்ற கருத்து இனிச் செல்லாது. முறைப்பும் துரத்தலும் ஒரே வரிசையில் இருப்பதை எழுதியவர் ஒருநாளாவது யாரிடமாவது சம்பளம் வாங்கியிருப்பாரா?

இந்தச் சிக்கலை ஒழுங்குபடுத்தியவர் அல்போன்ஸ் லிகோரி. நேப்பிள்ஸில் வக்கீலாக இருந்து, 1723ல் தொழிலை விட்டவர். 1748ல் முதலில் வெளிவந்து, பிறகு பலமுறை அவரே திருத்திய நூலில், தீயவனின் சித்தத்தோடு சேர்வதையும் அவன் செயலுக்கு மட்டும் கை கொடுப்பதையும் பிரித்தார். முதலாவது எப்போதும் பாவம். இரண்டாவதில், நம் செயல் தன்னளவில் தீயதாக இல்லாமலும், தீங்கின் கனத்துக்கு ஈடான காரணத்தோடும் இருக்கவேண்டும். இது வெறும் தப்பிக்கும் வழி என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் கோப்பில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவன்தான். எந்தக் கையெழுத்து எந்த வகை என்று பார்க்கத் துணிந்ததில்லை.

கண்டிக்கப்பட்ட 51வது கருத்து லத்தீனில் ஒரே வாக்கியம். தோள், ஏணி, கதவு, எஜமானின் கண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நடக்கப்போவதைக் குறிக்கும் சொல் பலாத்காரத்தையும் மயக்கிக் கெடுப்பதையும் பிரிக்காமல் சொல்வது. அறைக்குள் இருந்தவளுக்கு ஒரு வார்த்தை: கன்னி.