பின்புறத் திருப்பச் சைகை விளக்குகளை மாற்றியமைத்தல்

பின்புறத் திருப்பச் சைகை விளக்குகளை மாற்றியமைத்தல் என்பது, வாகனத்தின் பின்பகுதியில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சைகை விளக்குகளின் குமிழ், நிறம், மூடி அல்லது மின்சுற்றை உரிமையாளர் வீட்டிலேயே மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். இவ்விளக்குகள் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இண்டிகேட்டர் என்றும், இலங்கையில் சிக்னல் லைட் என்றும் அழைக்கப்படுகின்றன. இழைக்குமிழ்களுக்குப் பதிலாக எல்.இ.டி குமிழ்களைப் பொருத்துவது இவற்றுள் மிகவும் பரவலானது. எளிய வேலையாகத் தோன்றினாலும், இது சிமிட்டும் வேகம், ஒளி பரவும் கோணம், பழுதறிவிப்பு ஆகியவற்றைப் பாதிக்கக்கூடியது. ஓட்டுநர் தன் வாகனத்தின் பின்விளக்கை ஓட்டும்போது பார்க்க இயலாது என்பதால், இப்பாதிப்புகள் அவர் அறியாமலேயே நீடிக்கலாம்.

வரலாறு

மின்விளக்குச் சைகைகளுக்கு முன்னர் ஓட்டுநர்கள் கையால் சைகை காட்டினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பிய மகிழுந்துகள் பலவற்றில், பக்கவாட்டிலிருந்து வெளியே நீளும் கை போன்ற இயங்குசைகைகள் பயன்பட்டன. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியூக் நிறுவனம் சிமிட்டும் பின்புறச் சைகை விளக்கைத் தன் மகிழுந்துகளில் அறிமுகப்படுத்தியது. பின்னர் பெரும்பாலான நாடுகள் பின்புறச் சைகைக்குச் செம்மஞ்சள் நிறத்தை ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவில் சிவப்பு, செம்மஞ்சள் இரண்டுமே இன்றும் அனுமதிக்கப்படுகின்றன.

அமைப்பும் செயற்பாடும்

வழக்கமான சைகைச் சுற்றில் மின்கலம், உருகி, சிமிட்டி, திருப்ப ஆளி, விளக்குகள் ஆகியன உள்ளன. சிமிட்டி என்பது பணிமனைகளில் பிளாஷர் எனப்படும் சிறு கருவி ஆகும். இது மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தி விளக்கை நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை சிமிட்டச் செய்கிறது. இதில் மூன்று வகைகள் உள்ளன.

1. வெப்பவகைச் சிமிட்டி: மின்னோட்டத்தால் சூடாகி வளையும் உலோகப் பட்டையால் இயங்குவது. பழைய வாகனங்களில் காணப்படுவது.
2. மின்னணுச் சிமிட்டி: விளக்குகள் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து, அது குறைந்தால் வேகமாகச் சிமிட்டுவது.
3. கணினிவழிக் கட்டுப்பாடு: தனிச் சிமிட்டி இல்லாமல், வாகனத்தின் உடற்கட்டுப்பாட்டுக் கணினியே விளக்குகளை இயக்கிக் கண்காணிப்பது. புதிய மகிழுந்துகளில் காணப்படுவது.

மகிழுந்துகளில் பெரும்பாலும் 21 வாட் குமிழ்களும், இருசக்கர வாகனங்களில் பெரும்பாலும் 10 வாட் குமிழ்களும் பயன்படுகின்றன. நிறமற்ற 21 வாட் குமிழின் அடிப்பாகத்தில் இரு முளைகளும் நேரெதிராக 180 பாகையில் அமைந்திருக்கும். செம்மஞ்சள் பூச்சுடைய குமிழில் அவை 150 பாகையில் அமைந்திருக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றைத் தவறுதலாகப் பொருத்திவிடாதிருக்கவே இவ்வேறுபாடு. முளையைத் தேய்த்துவிட்டுக் குமிழைப் பொருத்துவது இப்பாதுகாப்பை நீக்குவதாகும்.

எல்.இ.டி குமிழும் விரைவுச் சிமிட்டலும்

12 வோல்ட்டில் 21 வாட் இழைக்குமிழ் 1.75 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதன் இடத்தில் வைக்கப்படும் 3 வாட் எல்.இ.டி குமிழ் 0.25 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். மின்னோட்டம் இவ்வளவு குறைவதை, குமிழ் எரிந்துபோனதாகவே மின்னணுச் சிமிட்டி கருதி ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் சிமிட்டும். இது விரைவுச் சிமிட்டல் எனப்படுகிறது. வெப்பவகைச் சிமிட்டியில் பட்டை போதிய அளவு சூடாகாததால், விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரியலாம், அல்லது மிக மெதுவாகச் சிமிட்டலாம். இதற்கு இரு தீர்வுகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, ஒவ்வொரு எல்.இ.டி குமிழுக்கும் பக்க இணைப்பில் ஒரு சுமை மின்தடையத்தைச் சேர்த்தல். பொதுவாக 6 ஓம், 50 வாட் மின்தடையம் பயன்படுகிறது. இது 12 வோல்ட்டில் 2 ஆம்பியரை இழுத்து 24 வாட் ஆற்றலை வெப்பமாக வெளியிடும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 13.5 வோல்ட்டாக உயர்ந்தால் வெப்பம் 30 வாட் அளவுக்கு உயரும். எனவே இதனை நெகிழிப் பகுதியிலோ கம்பிக்கற்றை மீதோ வைக்காமல், திறந்த உலோகப் பரப்பில் திருகிப் பொருத்த வேண்டும். இம்முறையில் எல்.இ.டி தரும் மின்சேமிப்பு முழுவதும் வீணாகிறது.

இரண்டாவது, மின்னோட்ட அளவைச் சாராது சீரான வேகத்தில் சிமிட்டும் சிமிட்டியைப் பொருத்துதல். இருமுனை வெப்பவகைச் சிமிட்டியின் இடத்தில் இதனை வைக்கும்போது, பெரும்பாலும் கூடுதலாக ஒரு புவி இணைப்புக் கம்பி தேவைப்படும். கணினிவழிக் கட்டுப்பாடுடைய வாகனங்களில் இம்முறை பொருந்தாது.

நான்கு விளக்குகளும் ஒருசேரச் சிமிட்டுதல்

இருசக்கர வாகனங்கள் சிலவற்றில் இடம், வலம் இரண்டுக்கும் பொதுவாக முகப்பில் ஒரே காட்டி விளக்கு உள்ளது. இது இடப்புறக் கம்பிக்கும் வலப்புறக் கம்பிக்கும் இடையே இணைக்கப்பட்டிருக்கும். இடப்புறச் சைகை இயங்கும்போது, காட்டி விளக்கின் வழியே செல்லும் சிறு மின்னோட்டம் வலப்புறக் குமிழ்களின் ஊடாகப் புவியை அடைகிறது. அச்சிறு மின்னோட்டம் இழைக்குமிழை ஒளிரச் செய்யாது. எல்.இ.டியை ஒளிரச் செய்ய அதுவே போதும். ஆகவே எல்.இ.டிக்கு மாறியபின் நான்கு விளக்குகளும் ஒருசேரச் சிமிட்டும். பின்னால் வருபவருக்கு வாகனம் எப்பக்கம் திரும்பும் என்பது தெரியாது. அபாய எச்சரிக்கை என்றே கொள்வார்.

இதனைச் சரிசெய்ய, காட்டி விளக்கின் இரு இணைப்புகளும் கழற்றப்படுகின்றன. இடப்புறக் கம்பியிலிருந்து ஒரு டையோடும் வலப்புறக் கம்பியிலிருந்து ஒரு டையோடும் காட்டி விளக்கின் ஒரு முனைக்குக் கொண்டுவரப்படுகின்றன. மறுமுனை புவியுடன் இணைக்கப்படுகிறது. டையோடுகள் ஒருதிசையில் மட்டுமே மின்னோட்டத்தைக் கடத்துவதால், ஒரு பக்க மின்னோட்டம் மறுபக்கத்துக்குச் செல்வதில்லை.

ஒளி பரவல்

விளக்கின் எதிரொளிப்பான், இழையின் இருப்பிடத்தை மையமாகக் கொண்டு வடிவமைக்கப்படுகிறது. எல்.இ.டி குமிழின் ஒளி வேறு இடங்களிலிருந்து வேறு திசைகளில் வெளிப்படுவதால், நேர் பின்னால் பிரகாசமாகவும் பக்கவாட்டுக் கோணத்தில் மங்கலாகவும் தெரியலாம். அடுத்த தடத்தில் சற்றுப் பின்னால் வருபவருக்கே இச்சைகை மிகவும் தேவை என்பதால் இது முக்கியக் குறைபாடாகும். மூடியின் நிறத்தையொத்த எல்.இ.டியைத் தேர்வதும் அவசியம். வெள்ளை எல்.இ.டியின் ஒளியில் பெரும்பகுதியை நிறமூடி வடிகட்டிவிடும். மூடிமீது கரும்பூச்சோ கரும்படலமோ இடுவது, பகல் வெயிலில் சைகையைக் காணவியலாததாக்கிவிடக்கூடும்.

நிற மாற்றம்

அமெரிக்க வாகனங்கள் பலவற்றில் நிறுத்தச் சைகைக்கும் திருப்பச் சைகைக்கும் ஒரே சிவப்பு விளக்கு பயன்படுகிறது. அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னாலிருந்து மோதப்படும் விபத்துகளில் செம்மஞ்சள் விளக்குடைய வாகனங்கள் சிக்குவது 5.3 விழுக்காடு குறைவு என மதிப்பிட்டது. இதனால் அங்கே சிலர் சிவப்பைச் செம்மஞ்சளாக மாற்றுகின்றனர். சிவப்பு மூடிக்குள் செம்மஞ்சள் குமிழை இடுவதால் பயனில்லை. வெளிவருவது சிவப்பு ஒளியே. மூடியும் மாற வேண்டும். பின்பக்கம் செல்லும் கம்பியில் நிறுத்தச் சைகையும் கலந்திருப்பதால், முன்புறச் சைகைச் சுற்றிலிருந்து தனிக் கம்பி இழுக்கவும் நேரும்.

பழுதறிவிப்பு இழப்பு

விரைவுச் சிமிட்டல் ஒரு குறையன்று. பின்விளக்கு எரிந்துபோனதை ஓட்டுநருக்கு அறிவிக்கும் ஏற்பாடே அது. மேற்கூறிய இரு தீர்வுகளும் இவ்வறிவிப்பைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. சுமை மின்தடையம் உள்ள சுற்றில் எல்.இ.டி முற்றிலும் செயலிழந்தாலும், மின்தடையம் 2 ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருப்பதால் முகப்புக் காட்டி வழக்கம்போலவே சிமிட்டும். சீர்வேகச் சிமிட்டியிலும் இதே நிலை. சைகை தெரிவதாக நம்பி ஓட்டுநர் திரும்ப, பின்னால் வருபவர் எதையும் காணாதிருக்கும் நிலை இதனால் உருவாகலாம். எனவே மாற்றம் செய்யப்பட்ட வாகனங்களில் விளக்குகளை அடிக்கடி நேரில் பார்த்துச் சோதிப்பது இன்றியமையாதது.

சட்டநிலை

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஐக்கிய இராச்சியத்தின் ஆண்டுத் தகுதிச் சோதனையில் சைகையின் நிறமும் சிமிட்டும் வேகமும் பார்க்கப்படுகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், பாதுகாப்புக் கருவிகளைச் செயலிழக்கச் செய்வதற்கான தடை உற்பத்தியாளர், விற்பனையாளர், பழுதுபார்ப்பு நிறுவனங்களுக்கு உரியது. உரிமையாளர் தாமே செய்யும் மாற்றம் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது.

சரிபார்த்தல்

மாற்றத்திற்குப் பின் பின்வருவன சோதிக்கப்படுகின்றன.

* 30 விநாடிகளில் சிமிட்டல்கள் 30 முதல் 60 வரை உள்ளனவா என எண்ணுதல்.
* எஞ்சின் ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் வேகம் சீராக உள்ளதா எனப் பார்த்தல்.
* நிறுத்தியை அழுத்திய நிலையில் சைகை தனித்துத் தெரிகிறதா எனப் பார்த்தல்.
* அபாய எச்சரிக்கையைச் சில நிமிடங்கள் இயக்கி, மின்தடையத்தின் அருகிலுள்ள கம்பிகள் சூடாகின்றனவா எனப் பார்த்தல். மின்தடையத்தைக் கையால் தொடலாகாது.
* நண்பகல் வெயிலில், நேர் பின்னாலும் இருபுறக் கோணங்களிலும் சற்றுத் தொலைவில் நின்று பார்த்தல். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்து ஆளியை இயக்க, மற்றொருவர் இதனைச் செய்வது எளிது.