வளைந்த தூண்கள் தாங்கும் கோபுரம்



இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள வில்ட்ஷயர் மாவட்டம் சாதனைகளுக்குப் பேர்போனது. வரலாற்றுக்கு முந்தைய காலத்தில் மனிதர் எழுப்பிய மேடுகளுள் ஐரோப்பாவிலேயே பெரியதான சில்பரி குன்று இங்கேதான் உள்ளது. உலகின் மிகப் பெரிய கல்வட்டம் அருகிலுள்ள ஏவ்பரியில் இருக்கிறது. அதனுள் ஒரு கிராமத்தின் பகுதியே அடங்கியிருக்கிறது. ஆயினும், இந்த வாரம் நாம் நின்று நோக்க வேண்டியது, அதே மாவட்டத்தின் சாலிஸ்பரி பேராலயம். அதன் கூர்கோபுரம் 123 மீட்டர் உயரம். பிரிட்டனில் அதைவிட உயர்ந்த ஆலயக் கோபுரம் வேறில்லை.

முதற்பேராலயம் ஓல்ட் சாரம் என்னும் குன்றின்மேல் இருந்தது. அங்கே காற்று பலமாக வீசியது, தண்ணீருக்குத் தட்டுப்பாடு, கோட்டைப் படைவீரருடன் ஓயாத பிணக்கு. ஆகவே குருமார் கீழே இறங்கி, ஆற்றோரப் புல்வெளியில் 1220-இல் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1258-இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. அப்போது இந்தக் கூர்கோபுரம் இல்லை.

14-ஆம் நூற்றாண்டில் வந்த தலைமுறையே அதை எழுப்பியது. ஏறத்தாழ 6,500 டன் எடை புதிதாய் ஏறியது. அஸ்திபாரமோ நான்கு அடி ஆழமே. அதன்கீழ் ஈரமான சரளைப் படுகை. முன்னோர் எதிர்பாராத இந்தப் பாரத்தைச் சுமந்த பர்பெக் கல் தூண்கள் வளைந்தன. அந்த வளைவை இன்றும் கண்ணால் காணலாம். தாங்கு வளைவுகளையும் இரும்புக் கட்டுகளையும் பின்வந்தோர் சேர்த்தார்கள். 1668-இல் கிறிஸ்டோபர் ரென் அளந்தபோது, கோபுரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் சாய்ந்திருந்தது.

சரளையின் ஈரம் குன்றாதிருப்பது அஸ்திபாரத்துக்கு அவசியம். ஆகையால் ஆலயத் தரையிலுள்ள சிறு மூடியைத் திறந்து, கோலை இறக்கி நீர்மட்டத்தைப் பார்ப்பதை இன்றும் வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சாதனை அதற்குக் கிடைத்த விதத்தையும் கவனியுங்கள். லிங்கன் பேராலயத்தின் கோபுரம் இதைவிட உயர்ந்ததாயிருந்தது. அது 1548-இல் விழுந்தது. லண்டன் புனித பவுல் ஆலயத்தின் கோபுரம் 1561-இல் மின்னலுக்கு இரையாயிற்று. சாலிஸ்பரி தன் உயரத்தைக் கூட்டவில்லை. நிலைத்து நின்றது, அவ்வளவே.

அருமையானவர்களே, வருகிறவர்கள் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள். தூணை நோக்குகிறவர் சிலரே. உங்கள் வீட்டிலும் நம் சபையிலும் வளைந்த தூண்கள் உண்டு. படுக்கையிலிருக்கும் பெற்றோரை ஆண்டுக்கணக்காய்ப் பராமரிக்கும் மகள், உடன்பிறந்தாரின் கடனைத் தன் தோளில் சுமக்கும் மூத்தவன், யார் பார்வையிலும் படாமல் ஆலயத்தைப் பெருக்கும் கரங்கள். அவர்கள் முறியவில்லை என்பதற்காக அவர்களுக்குப் பாரம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பின்வந்த சிற்பிகள் வளைந்த தூணைக் குறைகூறவில்லை. அதற்குத் துணை சேர்த்தார்கள். இந்த வாரம் ஒருவரையாவது தேடிச் சென்று, அவருடைய பாரத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தாங்கும் கிருபையைக் கர்த்தர் உங்களுக்கு அருள்வாராக. ஆமென்.