காத்திருக்கும் நேரமும் கூலியும்: லண்டன் வாடகைக் கார் வழக்கு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

செயலியின் வழியே வேலை பெறுவோரின் உழைப்பு முன்னெப்போதும் கண்டிராத ஒரு புதுமை என்னும் அபிப்பிராயம் இந்நாளில் பரவலாக நிலவுகிறது. கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கருவியைக் கொண்டு மனிதரிடம் வேலை வாங்கும் முறை மிகப் பழையது என்பதும், அதன் இயல்பை அறிய சமூகவியல் முன்னோடிகளான மார்க்ஸ், வெபர், துர்கைம் ஆகிய மூவரையும் ஒருங்கே துணைக்கொள்ள வேண்டும் என்பதும் என் கருத்து. லண்டன் மாநகரில் ஊபர் நிறுவனத்துக்காகக் கார் ஓட்டியவர்கள் தம்மைத் தொழிலாளராக ஏற்கக் கோரித் தொடுத்து, 2016-இல் தொழில் தீர்ப்பாயத்தில் வென்று, 2021 பிப்ரவரி 19-இல் ஐக்கிய ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றத்தில் முடிவு கண்ட வழக்கை இதற்குச் சான்றாகக் கொள்கிறேன்.

அவ்வழக்கில் நிலைநாட்டப்பட்ட செய்திகள் நுணுகி நோக்கத்தக்கவை. காரும் எரிபொருளும் பழுதுச் செலவும் ஓட்டுநர் பொறுப்பு. செயலியைத் திறந்துவைத்துக் காத்திருப்பவர், அழைப்பு வந்த சில விநாடிகளுக்குள் இசைவு தெரிவிக்க வேண்டியிருந்தது; பயணி ஏறியமரும்வரை போகுமிடம் எதுவென்று அவருக்குத் தெரியாதிருந்தது; கட்டணத்தை நிறுவனமே விதித்தது; அழைப்புகளை அடுத்தடுத்து மறுப்பாராயின் முதலில் எச்சரிக்கை, பின்னர் 10 நிமிஷம் செயலியிலிருந்து விலக்கம். இத்தனை கண்டிப்புக்கும் இடையே மேஸ்திரி என்றொருவர் எங்கும் தென்படவில்லை.

இவ்விந்தையை மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற்பாகத்தில், உருப்படிக்கு இவ்வளவு என்று தரப்படும் கூலியைப் பற்றிய அத்தியாயத்திலேயே விளக்கிவிட்டார். உருப்படிக் கூலி நிலவுமிடத்தில் வேலையின் தரத்தையும் வேகத்தையும் அக்கூலி முறையே கண்காணித்துக்கொள்வதால் மேற்பார்வை பெரும்பாலும் வேண்டாததாகிறது; தொழிலாளி தன் லாபத்தை எண்ணித் தானே வேலை நேரத்தை நீட்டிக்கொள்கிறான். அம்முறை தொழிலாளிக்குச் சுதந்திர உணர்வையும் தன்னாட்சியையும் வளர்க்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. அதே மூச்சில், அது தொழிலாளரிடையே போட்டியை மூட்டுகிறது என்றும் காட்டினார். விரும்பிய வேளையில் வேலைக்கு வரலாம் என்று மகிழும் ஓட்டுநரின் உணர்ச்சியைப் பொய் மயக்கமென ஒதுக்குவது ஆராய்ச்சிக்கு அழகன்று. அவ்வுணர்ச்சி மெய், அதற்குக் கொடுக்கப்படும் விலையும் மெய். சவாரிக்கும் சவாரிக்கும் இடையில் தெருவோரத்தில் கழியும் நேரம், தயாராக நிற்கும் கார் என்ற வகையில் நிறுவனத்துக்குப் பயன்படுகிறது. ஓட்டுநருக்கோ அது கூலியற்ற நேரம். தமக்குரிய பகுதியில், செயலியைத் திறந்து, சவாரியை ஏற்கச் சித்தமாயிருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்று நீதிமன்றம் தீர்த்தது. அடுத்த மாதமே 70,000 ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் விடுமுறைச் சம்பளமும் தர முன்வந்த நிறுவனம், அக்கூலியைச் சவாரியை ஏற்ற கணத்திலிருந்துதான் கணக்கிட்டது. மார்க்ஸின் அத்தியாயம் உயிருடன் நிற்குமிடம் இந்த இடைவெளிதான்.

மேஸ்திரி மறைந்தாலும் ஆட்சி மறையவில்லை; அதன் உருவத்தை அறிய வெபரிடம் செல்ல வேண்டும். விருப்பு வெறுப்பின்றி, ஆள் பாராமல், விதிப்படி இயங்குவது அதிகாரவர்க்கத்தின் லட்சணம் என்றார் அவர். பயணிகள் இடும் மதிப்பெண்ணின் சராசரி 4.4-க்குக் கீழே இறங்கி, அறிவுறுத்தியும் உயராவிடில் ஓட்டுநரின் கணக்கை முடக்கிவிடும் அன்றைய ஏற்பாட்டில் அந்த லட்சணம் காணப்பட்டது. ஆனால் வெபர் கூறிய அதிகாரவர்க்கத்தின் விதிகள் பொதுவானவை, நிலையானவை, கற்றறியக் கூடியவை. இங்கோ எந்த அழைப்பு யாருக்கு, எதனால் போகிறது என்பதை ஆளப்படுவோர் அறிய வழியில்லை. நிறுவனத்துக்குக் கணிதம் போல் தெளிவாயிருப்பது ஓட்டுநருக்குத் தலைவிதி போல் புலப்படாமலிருக்கிறது. ஆகவே வெபரின் கோட்பாட்டில் ஒரு பாதியே இங்குப் பொருந்துகிறது. சட்டவழிப்பட்ட மற்றப் பாதி விடுபட்டுவிட்டது.

அதனை மீட்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு, சமுதாயத்தில் உழைப்புப் பிரிவினையைப் பற்றி 1893-இல் துர்கைம் எழுதிய நூல் வழிகாட்டுகிறது. ஒப்பந்தத்தில் உள்ளவை யாவும் ஒப்பந்தம் செய்தவர்களால் உண்டானவை அல்ல. அதற்குப் பின்னே சமூகத்தின் நியதிகள் நிற்பதாலேயே அது கட்டுப்படுத்தும் வலிமை பெறுகிறது என்பது அவர் வாதம். நிறுவனமோ, ஓட்டுநர் பயணியுடன் நேரே ஒப்பந்தம் செய்துகொள்கிறார், தான் வெறும் முகவர் என்று பத்திரங்களைக் காட்டி வாதாடியது. நீதிபதிகள் ஏகமனதாக, எழுதிய பத்திரத்திலிருந்து தொடங்காமல், வலுவற்ற நிலையிலுள்ள உழைப்போரைக் காக்க எழுந்த சட்டத்தின் நோக்கத்திலிருந்தே தொடங்கினர். துர்கைமின் சித்தாந்தத்துக்கு இதனினும் தெளிவான நிரூபணத்தை நான் கண்டதில்லை. எனினும் 1902-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், தொழிற் குழுக்களே ஒழுக்க நியதிகளை வளர்க்கும் என்று அவர் கொண்ட நம்பிக்கை, தனித்தனிக் கார்களில் அமர்ந்து ஒருவரையொருவர் காணாமலே உழைப்போரிடையே எளிதில் நிறைவேறுவதன்று. இவ்வழக்கிலும் தொழிற்சங்கம் துணைநிற்க நேர்ந்தது.

இந்தியாவின் நிலையோ வேறு. இங்கு, நீதி ஆயோக்கின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2020-21-இல் இவ்வகைத் தொழிலாளர் சுமார் 77 லட்சம் பேர். 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இவர்களை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்குப் புறத்தே நின்று சம்பாதிப்பவர்கள் என்று வரையறுத்து, நிறுவனங்களின் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குச் சேர வழிசெய்கிறது. விபத்துக்கும் முதுமைக்கும் உதவும் இந்நிதி வரவேற்கத்தக்கதே. ஆயினும் முதலாளி-தொழிலாளி உறவே இல்லையென்று வரையறுத்துவிட்ட சட்டத்தில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கேட்க இடமேது? லண்டன் நீதிமன்றம் பத்திரத்தைத் தள்ளிவைத்து எந்த உறவை மெய்யென ஏற்றதோ, அதனையே இச்சட்டம் தொடக்கத்தில் விலக்கிவிடுகிறது. திருத்தம் வேண்டுவது அவ்வரையறையில்தான்.