அமெரிக்க வறுமைக்கோடு

உலகின் மிகப் பெரிய பொருளாதாரமான அமெரிக்காவில் 2022இல் ஏறத்தாழ 3.79 கோடிப் பேர், அதாவது 11.5 விழுக்காட்டினர், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். இக்கோட்டை 1960களின் தொடக்கத்தில் வகுத்தவர் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மாலி ஒர்ஷான்ஸ்கி. குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுவதாக 1955ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. ஆகவே சிக்கனமான உணவுச் செலவை அவர் மூன்றால் பெருக்கினார். விலைவாசிக்கேற்பத் தொகை உயர்கிறதே தவிர, அடிப்படை இன்றும் அதுதான். வாடகையும் மருத்துவச் செலவும் குடும்பங்களை நெரிக்கும் காலத்துக்கு இது பொருந்தாத அளவுகோல். வரிச்சலுகை, உணவு உதவி முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் துணை அளவீட்டின்படி, குழந்தைகளுக்கான வரிச்சலுகை விரிவாக்கப்பட்ட 2021இல் குழந்தை வறுமை 5.2 விழுக்காடாகக் குறைந்தது. நாடாளுமன்றம் அந்த விரிவாக்கத்தை நீட்டிக்கவில்லை. மறு ஆண்டே குழந்தை வறுமை 12.4 விழுக்காடாயிற்று.