கண்புரை அறுவைக்கு முன் வீட்டைச் சீரமைத்தல்

கண்புரை அறுவைக்குக் காத்திருப்பவர் குறைந்த பார்வையோடு தடுமாறாமல் நடமாட வீட்டில் செய்துகொள்ளும் சிறு மாற்றங்களை இது குறிக்கும். புதுச்சேரி அரியாங்குப்பம் கொம்யூனில், சுண்ணாம்பாற்றங்கரையில் உள்ள நோணாங்குப்பத்தாருக்குக் கண் மருத்துவமனை தொலைவில் இல்லை. கடலூர் சாலையில் அடுத்துள்ள தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனையின் கிளை அது.

புரை விழுந்த கண்ணுக்கு இருட்டு மட்டுமே எதிரி என்று நினைத்துப் பலர் கூடத்தில் பெரிய எல்.இ.டி. விளக்கை மாட்டிவிடுகிறார்கள். கண்வில்லையில் உள்ள புரதம் திரண்டு கலங்குவதுதான் புரை. உள்ளே வரும் ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் கண் கூசும், உருவங்களின் விளிம்பு மங்கும். வில்லையின் பின்புறத்தில் புரை இருந்தால் வெளிச்சம் கூடக்கூடப் பார்வை குறையவும் செய்யும், ஏனெனில் கண்பாப்பா சுருங்கிப் புரை உள்ள நடுப்பகுதி வழியாகவே பார்க்க நேர்கிறது. விளக்கு முகத்துக்கு நேரே இல்லாமல் பின்பக்கமோ தோள்பக்கமோ இருக்க வேண்டும். எதிரே சன்னல் இருந்தால் திரை போட வேண்டும், பளபளக்கும் டைல்ஸ் தரையில் ஈரம் நிற்கவிடக் கூடாது. கடற்கரை வெயிலிலிருந்து உள்ளே நுழைபவர் நிலைப்படியைப் பிடித்துச் சற்று நின்று, கண் பழகியபின் காலெடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது நிற வேறுபாடு. சிமென்ட் படியின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்தால் போதும், படி தனியாகத் தெரியும். வாசற்படி, கழிவறை மேடை, கிணற்றடி மூன்றுக்கும் இது தேவை. வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுப்பதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தோன்றும். எனவே நீலக் கோடு வீண். எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் மோரும் கலந்து மறையும், வாழையிலையில் அப்படியே எடுப்பாகத் தெரியும். பழைய வழக்கம் இங்கே கண் மருத்துவத்தோடு ஒத்துப்போகிறது.

பொருளை இடம் மாற்றக் கூடாது என்பதைத்தான் பிள்ளைகள் மறக்கிறார்கள். அம்மாவுக்கு வசதி செய்வதாக அடுப்படியை ஒழித்துவைத்தால், உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று அவர் கை முப்பதாண்டுகளாக அறிந்தது பயனற்றுப் போகும். கால்மிதியை எடுத்துவிடலாம், நடைவழியில் கிடக்கும் குடத்தையும் ஒயரையும் ஓரங்கட்டலாம். மற்றவை இருந்த இடத்தில் இருக்கட்டும்.

இந்த ஏற்பாடு அறுவையைத் தள்ளிப்போடுவதற்கு அல்ல. “புரை முற்றட்டும்” என்பது வில்லையை முழுதாக எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்த காலத்துப் பேச்சு. 1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி செயற்கை வில்லையை முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தார். 1992இல் மதுரையில் செயற்கை வில்லை செய்யும் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்டபின் அதன் விலை மலிந்தது. மிக முற்றிய புரையில் அறுவைதான் கடினமாகிறது.

பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கண்ணுக்கே அறுவை செய்வார்கள். அது தெளிந்து மற்றது மங்கியிருக்கும் இடைக்காலத்தில் இரு கண்ணும் ஒத்துழைக்காது, படியின் ஆழம் தப்பும். சொட்டு மருந்து போடும் அந்த வாரங்களில் விறகடுப்புப் புகையும் தலைக்குக் குளியலும் ஆகாது. இரண்டாம் கண்ணும் முடிந்து புதுக் கண்ணாடி வரும்வரை மஞ்சள் கோட்டை அழிக்கக் கூடாது.